ஸ்கூட்டர் பழுது பார்த்தல் என்னும் உபதொழில்

கைத்தொழில்களை ஆராயப் புகுவார் அவற்றை இருவகையாகப் பகுத்துக் கொள்ளலாம். மக்கள் தாமே நாடிச் செல்லும் தொழில்கள் ஒருவகை. மக்களை நாடிச் செல்லும் தொழில்கள் மற்றொரு வகை. கொல்லனது உலையும் தச்சனது பட்டறையும் முன்னதன்பாற் படும். அம்மி கொத்துவோர், பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர், கத்திக்குச் சாணை பிடிப்போர், குடை தைப்போர், பூட்டுக்குச் சாவி செய்வோர் ஆகியோரின் தொழில்கள் பின்னதன்பாற் படும். இப்பிற்கூறியவர்களது குரல் நம் தெருக்களில் வரவர அருகிவிட்டது. ஆனால் அவ்வினத்தைச் சேர்ந்த புதியதொரு தொழில், கூவுதல் இன்றித் தொலைபேசி வாயிலாகத் தெருவினுட் புகுந்திருக்கின்றது. அஃது யாதெனின், ஒரு பையிற் கருவிகளை இட்டுக்கொண்டு வீடு தேடிச் சென்று ஸ்கூட்டர் பழுது பார்த்தலாம்.

இதனை முழுநேரத் தொழிலாகச் செய்வாரும் உளர். யான் ஈண்டு எழுத எடுத்துக்கொண்டது, வேறு வேலையுடையார் ஓய்வு நேரத்திற் செய்யும் உபதொழிலாக இஃது எங்ஙனம் இயங்குகின்றது என்பதையே. என் தாய்மாமன் ஓர் அரிசி ஆலையிற் கணக்கெழுதுபவர். இளமையில் நான்கு ஆண்டுகள் ஒரு ஸ்கூட்டர் பட்டறையில் எடுபிடியாக இருந்து தொழில் பயின்றவர். இன்று மாலை ஐந்தரை மணி முதல் எட்டு மணி வரையிலும், சனிக்கிழமைகளிற் பிற்பகல் முழுவதும் அவர் இத்தொழிலைச் செய்கின்றார். பள்ளியின் மேல் வகுப்பிற் பயின்ற நாள் தொடங்கி அவர் பையைச் சுமந்து யானும் உடன் சென்று வருகின்றேன். எனது கல்லூரிச் சம்பளத்தில் ஒரு பகுதி அப்பையிலிருந்தே வருகின்றதாதலின், தமிழ் மாணவனுக்கு ஸ்கூட்டரைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று தோழர் எவரும் வினவார் என நம்புகின்றேன்.

ஸ்கூட்டர் என்னும் வண்டியின் அமைப்பே இத்தொழிலுக்கு இடம் தருவது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி நாட்டுப் பொன்தெதெரா நகரிலிருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சிற் சிதைந்தது. போர் முடிந்ததும், எளிய மக்கள் வாங்கக்கூடிய வண்டி ஒன்றைச் செய்ய அந்நிறுவனத்தார் முனைந்தனர். அதனை வரைந்த கொராடினோ டாஸ்கானியோ என்பவர் விமானப் பொறியாளர். 1946ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வண்டியே வெஸ்பா. அதிற் சங்கிலி இல்லை. எஞ்சின் பின் சக்கரத்தை ஒட்டியே அமைந்தது. முன் சக்கரம், விமானத்தின் சக்கரம் போல, ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கப்பட்டது. ஆகவே சக்கரத்தைக் கழற்றுதல் எளிதாயிற்று. பக்கவாட்டு மூடியைத் திறந்தால் எஞ்சின் கைக்கு எட்டும். அடுத்த ஆண்டே மிலான் நகரத்து இன்னொசென்டி நிறுவனத்தார் லாம்பிரெட்டாவை வெளியிட்டனர். இவ்விரு வண்டிகளும் 1950, 1960 ஆகிய ஆண்டுகளை அடுத்து நம் நாட்டிற்கு வந்து, இங்கேயே செய்யப்படலாயின. 1972ஆம் ஆண்டிற் பிறந்த பஜாஜ் சேட்டக், வெஸ்பாவின் வழித்தோன்றலே. வழியில் நின்றுவிட்டால், உடையவர் இறங்கி, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்திப் பின் கிக்கரை மிதிக்கும் காட்சியை நம் தந்தையர் மறந்திரார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டத் தெரியாத சேட்டக் உடையார் அந்நாளில் அரியர். இவ்வாறு, உடையவரே பாதி மெக்கானிக்காக இருக்கும்படி செய்த வண்டி அது.

பின்னர் வந்த கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் இந்நிலையை மாற்றின. 1984ஆம் ஆண்டிற் கைனெடிக் ஹோண்டாவும் 2001ஆம் ஆண்டில் ஆக்டிவாவும் வந்தன. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓடும்; கைப்பிடியைத் திருகினால் வண்டி நகரும். முதியோரும் பெண்டிரும் தயக்கமின்றி ஏறி ஓட்டலாயினர். நன்மை பெரிது, ஆயினும் மூடிக்குள் இருப்பது யாதென்று அறியாத உடையவர் தொகை பெருகிற்று. வண்டி வாயிலில் நின்றுவிட்டால் அதனைப் பட்டறைவரை தள்ளிச் செல்ல இயலாதவர் அவர்களுட் பலர். நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையை அறுபது வயதுடைய அம்மையார் ஒருவர் எங்ஙனம் தள்ளுவார்? வீடு தேடிச் செல்லும் தொழிலுக்கு இக்கேள்வியே முதல்.

இனி, இத்தொழிலின் உள்ளே புகுவோம். பட்டறை வைத்திருப்பவன் கடைக்கு வாடகை கொடுக்கின்றான். வீடு தேடிச் செல்பவனுக்குச் சாலையே வாடகை. மாலையிற் கிடைப்பது இரண்டரை மணி நேரம். ஊரின் இரு கோடியிலுள்ள இரு வீடுகளுக்குச் சென்றால் ஒரு மணி நேரம் சாலையிலேயே கழியும்; போனபின், வேண்டிய உதிரிப்பொருள் பையில் இல்லையெனில் மற்றொரு பயணம். ஒரே தெருவிலுள்ள மூன்று வண்டிகளை ஒரே மாலையிற் பார்த்துவிட்டால் சாலைக்குரிய நேரம் கூலியாக மாறும். ஆதலின் மாமா செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பகுதி, வியாழக்கிழமைக்கு ஒரு பகுதி என ஊரைக் கூறிட்டு வைத்திருக்கின்றார். உயிர் போகும் அவசரம் எனப் பேசுவோரில் பெரும்பாலோர் வியாழன் வரை காத்திருக்கக் கூடியவரே என்பது அவர் அனுபவம்.

அதனினும் முக்கியமானது, புறப்படுமுன் கேட்கும் கேள்வி. என் நோக்கில் இத்தொழிலின் உயிர்நிலை ஸ்பேனரில் இல்லை, இக்கேள்வியில் இருக்கின்றது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு நாள் மாலை அழைத்தார்.

"தம்பி, வண்டி எடுக்கவில்லை."

"டீச்சர், பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதா?"

"ஒன்றும் வரவில்லை."

"விளக்கு எரிகிறதா? ஹாரன் அடிக்கிறதா?"

"இரண்டும் நன்றாக இருக்கின்றன."

"இடக்கைப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். வராவிட்டால் வலக்கைப் பிரேக்கைப் பிடித்து அழுத்துங்கள்."

வலக்கைப் பிரேக்கைப் பிடித்ததும் எஞ்சின் ஓடிற்று. கியர் இல்லாத ஸ்கூட்டர்களிற் பெரும்பாலானவை, பிரேக்கைப் பிடித்தால் அன்றிப் பொத்தானுக்கு இணங்கா. இடப்பிரேக்கிலுள்ள சிறு சுவிட்சு பழுதுபட்டிருந்தது, அவ்வளவே. அதனை மாற்றுதற்கு மறு வியாழன் போதும். அன்று மாலை ஒரு பயணம் மிஞ்சிற்று. ஆசிரியையும் வெளியே சென்று வந்தார்.

"வண்டி எடுக்கவில்லை" என்னும் இத்தொடரை இலக்கண மாணவன் என்ற முறையில் யான் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. சொல் ஒன்று; பொருள் நான்கு. பொத்தானை அழுத்தினால் ஓசையே எழாமை ஒன்று: அப்பொழுது ஃபியூஸ், சுவிட்சு, பாட்டரியின் முனை ஆகியவற்றை ஐயுறல் வேண்டும். 'டிக் டிக்' என்னும் ஓசை மட்டும் எழுதல் மற்றொன்று: அது பாட்டரி தளர்ந்ததற்கு அடையாளம். எஞ்சின் சுழன்றும் பற்றாமை மூன்றாவது: பெட்ரோலோ, பொறியோ, காற்றோ குறைந்துள்ளது. பற்றிச் சிறிது தொலைவு ஓடிப் பின் நின்றுவிடுதல் நான்காவது. இந்நான்காவதில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்ரோல் தொட்டியின் மூடியிற் காற்றுப் புகுதற்கு ஒரு நுண்துளை இருக்கும். அது தூசியால் அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெறுமை உண்டாகி, மேலும் இறங்காமல் நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் வண்டி மீண்டும் ஓடும். சிறிது தூரத்தில் மீண்டும் நிற்கும். "நின்றதும் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?" என்ற ஒரு கேள்வி, அரைநாள் வேலையைக் குறைக்க வல்லது.

உடையவர்கள் வண்டியின் நோயைக் கூறும் சொற்கள் பெரும்பாலும் மனித நோய்ச் சொற்களே. "திணறுகிறது" என்றால் காற்று வடிகட்டியில் தூசி நிரம்பியிருத்தல் கூடும். "இருமுகிறது" என்றால் பிளக்கையும் அதன் கம்பியையும் பார்க்க வேண்டும். "இழுக்கவில்லை" என்பது இருபொருள்படும்: எஞ்சின் கத்தியும் வண்டி நகரவில்லையெனின் பெல்ட்டோ அதனை அழுத்தும் உருளைகளோ தேய்ந்தன, எஞ்சினே கத்தவில்லையெனில் நோய் வேறிடத்தது. சக்கரம் பிரேக்கில் உரசிக்கொண்டிருந்தாலும் இதே சொல்லையே கூறுவர். மாமா இச்சொற்களுக்குத் தம் மனத்தில் ஓர் அகராதியே வைத்திருக்கின்றார். யான் அதனைத் தாளில் எழுதத் தொடங்கியுள்ளேன்.

பொறியைச் சோதித்தல் பற்றிச் சிறிது கூறுவேன். பழைய இருவீச்சு எஞ்சின்களில் பெட்ரோலுடன் லிட்டருக்கு ஏறக்குறைய 20 மில்லி லிட்டர் எண்ணெய் கலந்தே ஊற்றுவர். அவ்வெண்ணெயும் உடன் எரிவதால் பிளக்கின் இருமுனைக்கும் இடையே கரி படியும், பொறி எழாது. புதிய நால்வீச்சு எஞ்சின்களில் இத்தொல்லை குறைவு. பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தல் நாடி பிடித்தலை ஒக்கும். இளம் பழுப்பு நிறம் நலம். உலர்ந்த கரி நிறமாயின் பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. நனைந்திருந்தால் பெட்ரோல் எரியாமல் வெளிவந்தது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் எஞ்சின் மிகச் சூடேறுகின்றது என அறிக. கார்புரேட்டரின் ஜெட் என்னும் சிறு துளை அடைபட்டால் காற்றை ஊதியே நீக்க வேண்டும். பித்தளை மென்மையானது, கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, அதன்பின் வண்டி என்றும் பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும். அவசரக்காரர் பலர் குத்திவிடுகின்றனர்.

பையிலுள்ளவற்றை எல்லாம் ஈண்டு அடுக்கிக் காட்டுதல் வேண்டாம். ஒன்று மட்டும் கூறுவேன். வெஸ்பா வழிவந்த வண்டிகளுக்கு 7, 8, 11, 13 என்னும் அளவுள்ள ஸ்பேனர்கள் வேண்டும். ஜப்பானிய வழிவந்தவற்றிற்கு 8, 10, 12, 14 வேண்டும். இருகுலத்திற்கும் ஏற்பப் பையை நிறைத்தால் தோள் வலிக்கும். ஆகவே அழைப்பின்போதே வண்டியின் பெயரைக் கேட்டு, ஒரு குலத்துக் கருவிகளை வீட்டில் வைத்துச் செல்வோம். பழைய போர்வை ஒன்று என்றும் உடன் வரும். அதனை விரித்து அதன்மேல் வேலை செய்தால் திருகாணி மண்ணில் மறையாது. வீட்டாரின் வாயிலும் கறைபடாது. கழித்த எஞ்சின் எண்ணெய் ஒரு வண்டிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் இருக்கும். அதனைத் தெருச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் எடுத்துவந்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடுவோம்.

பழைய வெஸ்பா வகைச் சக்கரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் விளிம்பு இரு பாதிகளாகச் செய்யப்பட்டு நட்டுகளாற் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் வேறு. இரு பாதிகளையும் பிணைக்கும் நட்டுகள் வேறு. டியூபிலுள்ள காற்றை முற்றும் வெளியேற்றாமல் பின்னவற்றைக் கழற்றினால், விளிம்பு வெடித்தாற்போற் பிரிந்து முகத்திற் பாயும். பிரேக் டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதுதலும் தகாது. பழைய பிரேக் பட்டைகளிற் கல்நார் கலந்திருந்தது.

நிற்க. இத்தொழிலின் அருமையை யான் நேரிற் கண்டது 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். அம்மாதம் 17, 18 ஆகிய நாட்களிற் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை இப்பகுதியார் மறவார். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டி மீட்டருக்கு மேற் பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது. எங்கள் பகுதியில் நீர் வடிந்தபொழுது, வாயில்தோறும் சேறு பூசிய ஸ்கூட்டர்கள் நின்றன. தொலைபேசி உயிர்பெற்றதும் மாமா செய்த முதல் வேலை, தம் குறிப்பேட்டை எடுத்து அதிலுள்ளோர் ஒவ்வொருவரையும் தாமே அழைத்து, "பொத்தானை அழுத்தாதீர்கள், கிக்கரையும் மிதிக்காதீர்கள், நான் வரும்வரை அப்படியே நிற்கட்டும்" என்று கூறியதே.

காரணம் எளிது. எஞ்சினின் உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்திச் சுருக்குகின்றது. காற்றுச் சுருங்கும், நீர் சுருங்காது. உட்புகுந்த நீரோடு எஞ்சினைச் சுழற்றினால், இணைப்புத் தண்டு வளையும் அல்லது முறியும். ஆதலின் முதலிற் பாட்டரியின் இணைப்பை நீக்கிப் பின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். நீர் பிளக்குத் துளை வழியே பீறிட்டு வெளிவரும். எண்ணெயை வடித்தால் அது பால் கலந்த தேநீர் போலிருக்கும். புதிய எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, அதனையும் வடித்து மீண்டும் புதியது ஊற்ற வேண்டும். பெட்ரோல் தொட்டியையும் காற்று வடிகட்டியையும் பெல்ட் உள்ள பெட்டியையும் திறந்து உலர்த்த வேண்டும். மின்கம்பி முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைக்க வேண்டும். பிரேக் டிரம்மிலுள்ள சேற்றை நீக்காமல் வண்டியைக் கொடுத்தால், அது ஓடும்; நிற்காது.

ஆலை நீரிற் கிடந்தமையால் மாமாவுக்கு அங்கே வேலை இல்லை. விடிந்தது முதல் இருட்டும்வரை நடந்தோம். எங்கள் வண்டியும் நனைந்தே கிடந்தது. குறிப்பேட்டில் அந்நாட்களுக்குரிய பக்கங்கள் ஈரக் கையால் எழுதப்பட்டு இன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. வழக்கமான கூலிக்கு மேல் அவர் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. எண்ணெய்க்கு மட்டும் பணம் கொடுத்துக் கூலியைப் பொங்கலுக்குப் பின் தந்தோர் பலர். விடியற்காலையிற் பால் கொண்டுசென்று வீடுகளில் ஊற்றும் ஒருவர், மாமாவின் அழைப்புக்கு முந்திய இரவே பொத்தானை அழுத்தியிருந்தார். ஒரு பெரிய ஓசை கேட்டதாம். அதன்பின் எஞ்சின் அசையவில்லை. மாமா பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கிக்கரைத் தொட்டுப் பார்த்து, "அண்ணாச்சி, இது என் பைக்குள் அடங்காது" என்றார். பட்டறையிற் கூறிய செலவு அவ்வண்டியின் விலையை நெருங்கிற்று. அவர் நான்கு மாதம் சைக்கிளில் பால் ஊற்றினார். ஒரு நாள் முன்னதாக அழைத்திருக்கலாமே என்று மாமா இன்றும் அவரைக் காணுந்தோறும் கூறுவதுண்டு. அழைத்திருக்க வேண்டியது இவரது கடமையன்று என்பதை அவர்தாம் எடுத்துரைப்பார்.

வரவு செலவைப் பற்றித் தோழர் கேட்பர். மாமா வருகைக்கென ஒரு சிறு தொகையும், வேலைக்கெனத் தனிக் கூலியும் பெறுகின்றார். உதிரிப்பொருளை அச்சிட்ட விலைக்கே, கடைச் சீட்டுடன் கொடுக்கின்றார். அதில் ஊதியம் வைப்பதில்லை. கழற்றிய பழைய பொருளை உடையவர் கையிற் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் நியதி. மூடிக்குள் இருப்பதை அறியாதவரிடம் வேலை செய்பவனுக்கு இஃதொன்றே சான்று. பொருள் வாங்கப் போய்வரும் நேரத்திற்குச் சிறிது சேர்த்துக்கொள்ளுதல் குற்றமாகாது என்பது என் கருத்து. அவர் உடன்படுவதில்லை, வழக்கு இன்னும் முடியவில்லை. முதலாக இட வேண்டிய பணம் அதிகமன்று. கருவிகளை ஒன்றொன்றாக வாங்கலாம். பயிற்சியே முதல். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளின் பழுது பார்த்தலுக்கென ஒரு பிரிவு உண்டு. அதிற் பயின்று வருவோர் எம்மைப்போல் பை சுமந்தே கற்க வேண்டியதில்லை. சிறுதொழிலாகப் பதிந்துகொள்ள விரும்புவோர், 2020ஆம் ஆண்டு முதல் நடைபெறும் உத்யம் பதிவைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

எவ்வேலையை ஏற்கலாகாது என்பதையும் கூறல் வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத புது வண்டியைத் தொடுதல் உடையவருக்கே கேடு. அதனை விற்றவரிடமே அனுப்புதல் முறை. எஞ்சினை முழுதும் பிரிக்கும் வேலை வாயிலிற் செய்யத்தக்கதன்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிக்கேற்பச் செய்யப்படும் ஸ்கூட்டர்களில், பொதுவாகக் கார்புரேட்டர் மறைந்து மின்னணுவாற் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு வந்துள்ளது. அதில் நேரும் பிழையை எச்சரிக்கை விளக்கும் அதற்கெனவுள்ள படிக்கும் கருவியும் காட்டும். காதும் மூக்கும் மட்டும் போதா. அக்கருவி ஒன்றை வாங்க மாமா பணம் சேர்த்து வருகின்றார்.

மின் ஸ்கூட்டரைப் பற்றிப் பலர் எங்களை அச்சுறுத்துகின்றனர். இடையில் நின்றுபோன சேட்டக் என்னும் பெயரே 2020ஆம் ஆண்டில் மின்வண்டியாகத் திரும்பி வந்தது. அதிற் பிளக்கும் இல்லை, எண்ணெய்க் கரியும் இல்லை. இவ்வண்டிகளின் பாட்டரியைத் திறப்பதில்லை என மாமா உறுதி கொண்டுள்ளார். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் மின் ஸ்கூட்டர்கள் சில தீப்பற்றியமை யாவரும் அறிந்ததே. 48 வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள லித்தியம் பாட்டரி, போர்வை விரித்து வாயிலிற் பிரிக்கத்தக்க பொருளன்று. ஆயினும் அவ்வண்டிக்கும் டயர் உண்டு, பிரேக் உண்டு, சக்கரத்திற் பேரிங் உண்டு, பள்ளமும் மேடுமான சாலை உண்டு. சென்ற மாதம் அத்தகைய வண்டியுடைய ஒருவர் அழைத்தார். முன்பக்கம் கிறீச்சென்று ஒலிக்கிறது என்றார். பிரேக்கைப் பிடிக்கும்போது மட்டுமா, எப்பொழுதுமா என்று மாமா கேட்டார். பிடிக்கும்போது மட்டும் என்று விடை வந்தது. அவர் தெரு வியாழக்கிழமைப் பகுதியில் இருந்தது.